மேமோகிராம் ரிப்போர்ட்டில் 'அடர்த்தியான மார்பகம்' என்று இருந்தால் பயப்பட வேண்டுமா? காரணங்கள் என்ன? ஏற்காடு மலைக் கிராமப் பெண்கள் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

மேமோகிராம் எடுத்த பெண்களின் ரிப்போர்ட்டில் 'சந்தேகப்படும்படி எதுவும் இல்லை' என்ற நல்ல செய்தியோடு இன்னொரு வரியும் இருக்கும். 'மார்பக அடர்த்தி: வகை சி' அல்லது 'வகை டி' என்பதுதான் அந்த வரி. அதைப் பார்த்ததும் பலருக்கு பகீர் என்கிறது. சி என்றால் மூன்றாம் கட்டமா, டி என்றால் நான்காம் கட்டமா என்று கேட்பவர்கள் உண்டு.

இரண்டுமே இல்லை. மார்பக அடர்த்தி ஒரு நோய் அல்ல. ஆனால் அதை 'ஒண்ணும் இல்லை' என்று ஒதுக்கிவிடவும் முடியாது. மேமோகிராம் படத்தில் புற்றுநோய்க் கட்டி கண்ணுக்குத் தெரியுமா, மறைந்து நிற்குமா என்பது பெருமளவு இந்த அடர்த்தியைப் பொறுத்தது.

சேலம் மாவட்டம் சேர்வராயன் மலையில் உள்ள செம்மநத்தம் போன்ற கிராமத்துப் பெண்ணுக்கு இது இன்னும் முக்கியம். அங்கிருந்து ஸ்கேன் எடுக்க மலை இறங்க வேண்டும். அப்படி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எடுத்து வந்த ரிப்போர்ட் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிய வேண்டும். விரிவாகப் பார்க்கலாம்.

முக்கிய தகவல்கள்

• மார்பக அடர்த்தியை மேமோகிராம் படத்தில்தான் பார்க்க முடியும். கையால் தொட்டுச் சொல்ல முடியாது.
• மரபணு, வயது, மாதவிடாய் நிற்பது, பிரசவம், உடல் எடை, ஹார்மோன் மருந்து ஆகியவைதான் அடர்த்தியோடு தொடர்புள்ள முக்கியக் காரணிகள்.
• அடர்த்தி அதிகம் என்றால் கட்டி மறைய வாய்ப்பு உண்டு. புற்றுநோய் ஆபத்தும் ஓரளவு கூடும்.
• ரிப்போர்ட் நார்மல் என்று வந்தாலும், கையில் கட்டி தட்டுப்பட்டால் மீண்டும் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

மார்பக அடர்த்தி என்றால் என்ன?

பெண்ணின் மார்பகத்தில் முக்கியமாக மூன்று வகைத் திசுக்கள் இருக்கின்றன. பால் சுரக்கும் சுரப்பிகளும் பால் குழாய்களும் ஒன்று. அவற்றைத் தாங்கிப் பிடிக்கும் நார்த்திசு இன்னொன்று. மூன்றாவது கொழுப்பு.

எக்ஸ்ரே கதிர் கொழுப்பை எளிதாகக் கடந்து போய்விடும். அதனால் படத்தில் கொழுப்பு கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ தெரியும். சுரப்பியும் நாரும் கதிரைத் தடுப்பதால் வெள்ளையாகத் தெரியும். மொத்த மார்பகத்தில் இந்த வெள்ளைப் பகுதி எவ்வளவு என்பதைத்தான் 'அடர்த்தி' என்கிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்பகம் பெரிதா சிறிதா, கெட்டியா மிருதுவா என்பதற்கும் அடர்த்திக்கும் சம்பந்தம் கிடையாது. தொட்டால் கெட்டியாக இருக்கும் மார்பகம் படத்தில் கொழுப்பு மிகுந்ததாக இருக்கலாம். மிருதுவாக இருப்பது அடர்த்தியாகவும் இருக்கலாம்.

ஏ, பி, சி, டி: நான்கு வகைகள்

அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த 'பைராட்ஸ்' முறையைத்தான் இந்தியாவிலும் பெரும்பாலான ஸ்கேன் மையங்கள் பின்பற்றுகின்றன. அதில் அடர்த்தி நான்கு வகை.

வகை ஏ: கிட்டத்தட்ட முழுவதும் கொழுப்பு.
வகை பி: ஆங்காங்கே அடர்த்தித் திசு சிதறியிருக்கும்.
வகை சி: பல இடங்களில் அடர்த்தி. சிறிய கட்டிகள் மறையலாம்.
வகை டி: மிக மிக அடர்த்தி. படத்தின் பெரும்பகுதி வெள்ளை.

அமெரிக்காவில் மேமோகிராம் எடுக்கும் பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேர் ஏ வகை, 40 சதவீதம் பி, 40 சதவீதம் சி, 10 சதவீதம் டி என்று கணக்கிடப்பட்டுள்ளது. அதாவது பாதிப் பேருக்கு 'அடர்த்தியான மார்பகம்'தான். அது அபூர்வமும் இல்லை, கோளாறும் இல்லை.

குழப்பம் வருவது எங்கே? அதே ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ்' என்ற பெயரில் 0 முதல் 6 வரை ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண்தான் நோய் சந்தேகத்தைச் சொல்வது. 1 என்றால் எதுவும் இல்லை. 2 என்றால் தீங்கில்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. 3 என்றால் அநேகமாகத் தீங்கில்லை, ஆனால் சில மாதங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். 4, 5 என்றால் சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். 6 என்றால் புற்றுநோய் என்று ஏற்கெனவே உறுதியானது. 0 என்றால் படம் போதவில்லை, கூடுதல் ஸ்கேன் தேவை.

எழுத்து அடர்த்தியைச் சொல்லும், எண் சந்தேகத்தைச் சொல்லும். இந்த இரண்டையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

அடர்த்தியோடு தொடர்புள்ள காரணிகள் என்னென்ன?

1. மரபணு

அடர்த்தியைத் தீர்மானிப்பதில் முதல் இடம் பரம்பரைக்குத்தான். கனடாவின் டொரண்டோவைச் சேர்ந்த டாக்டர் நார்மன் பாய்டு தலைமையிலான குழு, ஆஸ்திரேலியாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள இரட்டைச் சகோதரிகளை ஆராய்ந்து 2002-ல் முடிவை வெளியிட்டது. ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களின் அடர்த்தி, மற்ற இரட்டையர்களைவிட மிகவும் ஒத்துப்போனது. பெண்ணுக்குப் பெண் அடர்த்தி மாறுவதில் சுமார் 63 சதவீதம் மரபணுவால் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. அம்மாவுக்கோ அக்காவுக்கோ அடர்த்தி அதிகம் என்றால் இவருக்கும் இருக்க வாய்ப்பு அதிகம்.

2. வயது

இளம் வயதில் சுரப்பித் திசு அதிகம். வயது ஏற ஏற அது சுருங்கி, அந்த இடத்தைக் கொழுப்பு பிடிக்கும். எனவே 35 வயதில் டி வகையாக இருந்தவர் 60 வயதில் பி வகைக்கு வரலாம். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. 65 வயதிலும் அடர்த்தி குறையாத பெண்கள் இருக்கிறார்கள்.

3. மாதவிடாய் நிற்பது

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற இரண்டு ஹார்மோன்கள்தான் சுரப்பித் திசுவை ஊட்டி வளர்ப்பவை. மாதவிடாய் நிற்கும்போது அவை குறைகின்றன. அதைச் சுற்றியுள்ள சில ஆண்டுகளில் அடர்த்தியும் நன்றாகக் குறையும்.

4. பிரசவம்

குழந்தை பெற்ற பெண்களுக்கு, பெறாதவர்களைவிட அடர்த்தி குறைவு. குழந்தைகளின் எண்ணிக்கை கூடக்கூட அடர்த்தி சற்று இறங்குகிறது. முதல் பிரசவம் தாமதமாக நடந்திருந்தால் அடர்த்தி கூடுதலாக இருக்கும் போக்கு பல ஆய்வுகளில் தெரிகிறது.

கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் நிலைமை தலைகீழ். சுரப்பிகள் பெருத்துப் பால் நிறைந்திருப்பதால் அப்போது அடர்த்தி தற்காலிகமாக ஏறும். பால் கொடுப்பதை நிறுத்திய சில மாதங்களில் அது இறங்கிவிடும்.

5. உடல் எடை

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எடை கூடினால் அடர்த்திச் சதவீதம் குறையும். மெலிந்தவர்களுக்கு அது அதிகம்.

காரணம் எளிய கணக்குதான். ஒரு கரண்டி பருப்பை ஒரு கிண்ணம் சாதத்தில் போட்டால் பருப்பு தூக்கலாகத் தெரியும். அதே ஒரு கரண்டியை மூன்று கிண்ணம் சாதத்தில் போட்டால் தேட வேண்டும். பருப்பின் அளவு மாறவில்லை, சாதம்தான் கூடியது. மார்பகத்திலும் அப்படித்தான். சுரப்பித் திசு அதே அளவில் இருக்க, கொழுப்பு கூடினால் சதவீதம் இறங்கும்.

'அப்போ குண்டாக இருந்தால் நல்லதா?' என்றால் இல்லவே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கும். அதனால் அந்த வயதில் உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது. அடர்த்தி குறையட்டும் என்று எடை ஏற்றுவது தவறான வழி. எடை குறைந்ததால் அடர்த்திச் சதவீதம் ஏறியதாக ரிப்போர்ட் காட்டினால் அதற்காகப் பதற வேண்டியதும் இல்லை.

6. ஹார்மோன் மருந்துகள்

மாதவிடாய் நின்ற பிறகு வரும் உடல் சூடு, தூக்கமின்மை போன்ற தொல்லைகளுக்காகச் சிலருக்கு ஹார்மோன் மாத்திரை தரப்படுகிறது. அதில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோனும் சேர்ந்திருந்தால் அடர்த்தி ஏறும். அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில், இந்த மாத்திரையைச் சாப்பிட்ட பெண்களுக்கு ஓராண்டில் சராசரியாக 6 சதவீதப் புள்ளி அடர்த்தி கூடியது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சற்றுக் குறைந்தது.

'டமோக்சிஃபென்' இதற்கு நேர் எதிர். ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் இந்த மருந்து அடர்த்தியைக் குறைக்கிறது. புற்றுநோய் ஆபத்து அதிகமுள்ள பெண்களிடம் நடந்த 'ஐபிஸ்-1' ஆய்வின் 2011-ம் ஆண்டு முடிவுப்படி, டமோக்சிஃபெனால் 10 சதவீதமோ அதற்கு மேலோ அடர்த்தி குறைந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து 63 சதவீதம் குறைந்திருந்தது. அப்படி அடர்த்தி குறையாதவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. இது டாக்டர் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டிய மருந்து. கருப்பையில் பாதிப்பு, ரத்தம் உறைதல் போன்ற பக்கவிளைவுகள் இருப்பதால் அடர்த்திக்காக யாரும் தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

7. மது, காபி

மதுப் பழக்கத்துக்கும் அடர்த்திக்கும் சிறிய அளவில் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அடர்த்தி ஒருபக்கம் இருக்கட்டும், மது மார்பகப் புற்றுநோய் ஆபத்தை நேரடியாகவே கூட்டும் என்பது உறுதியாகியுள்ளது.

காபி? 1820-களிலிருந்து காபி பயிராகும் ஏற்காடு மலையில் இந்தக் கேள்வி வருவது இயல்புதான். காபி குடிப்பதால் மார்பக அடர்த்தி ஏறுகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. மாதவிடாய்க்கு முன் மார்பில் வலி வருபவர்கள் சிலருக்குக் காபியைக் குறைத்தால் வலி குறைவதுபோல் இருக்கலாம். அது வேறு விஷயம்.

அடர்த்தியால் என்ன பிரச்சனை?

பிரச்சனை இரண்டு.

முதலாவது, மறைப்பு. மேமோகிராமில் அடர்த்தித் திசுவும் வெள்ளை, புற்றுநோய்க் கட்டியும் வெள்ளை. மார்கழி மாதக் காலையில் ஏற்காடு மலைப்பாதையில் மூடுபனி இறங்கியிருக்கும்போது எதிரே வரும் வெள்ளைக் கார் எப்படிக் கண்ணுக்குத் தெரியாதோ, அப்படித்தான் இதுவும். கார் இல்லாமல் இல்லை. பனி மறைக்கிறது.

2003-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின்படி, கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் மேமோகிராம் 87 சதவீதப் புற்றுநோய்களைக் கண்டுபிடித்தது. மிக அடர்த்தியான மார்பகத்தில் அது சுமார் 63 சதவீதமாக இறங்கியது. அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேல் தவறிப்போனது. இப்போதுள்ள டிஜிட்டல் கருவிகளும் முப்பரிமாண மேமோகிராமும் இந்த இடைவெளியைக் குறைத்திருக்கின்றன, முழுவதும் மூடிவிடவில்லை.

இரண்டாவது, ஆபத்து. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கதிரியக்க நிபுணர் டாக்டர் ஜான் வுல்ஃப் 1976-லேயே மார்பகத் திசு அமைப்புக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னார். அப்போது பலர் ஏற்கவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. அடர்த்தி 75 சதவீதத்துக்கு மேல் உள்ளவர்களையும் 10 சதவீதத்துக்குக் கீழ் உள்ளவர்களையும் ஒப்பிட்டால், முதல் பிரிவினருக்கு ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் என்று 2007-ல் வெளியான பாய்டு குழுவின் ஆய்வு காட்டியது.

இந்த 'நான்கு மடங்கு' இரண்டு ஓரங்களை ஒப்பிட்டு வந்த எண். சராசரிப் பெண்ணோடு ஒப்பிட்டால் சி வகைக்கு சுமார் 1.2 மடங்கு, டி வகைக்கு சுமார் 2 மடங்கு. டி வகைப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் மார்பகப் புற்றுநோய் வருவதே இல்லை. நோய் வந்தவர்களில் அடர்த்தி அதிகம் இருப்பதாலேயே மரணம் கூடுவதில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் 2012 ஆய்வும் சொன்னது.

ஒரு பெண்ணின் போராட்டம், ஒரு சட்டம்

இந்த விஷயம் டாக்டர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ஆனால் பெண்களிடம் சொல்லப்படவில்லை. அதை மாற்றியவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ.

ஆண்டுதோறும் தவறாமல் மேமோகிராம் எடுத்து வந்தவர் அவர். ஒவ்வொரு முறையும் நார்மல். 2004-ல், கடைசி நார்மல் ரிப்போர்ட் வந்த சில வாரங்களிலேயே, வழக்கமான பரிசோதனையின்போது டாக்டரின் கையில் வித்தியாசமாக ஏதோ தட்டுப்பட்டது. அல்ட்ராசவுண்ட் எடுத்தபோது கட்டி தெரிந்தது. நோய் அதற்குள் அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தது. 'உங்களுக்கு அடர்த்தியான மார்பகம், அதனால்தான் மேமோகிராமில் தெரியவில்லை' என்று அப்போதுதான் அவரிடம் சொன்னார்கள்.

'இதை ஏன் முன்பே சொல்லவில்லை?' என்று அவர் கேட்டார். அவரது முயற்சியால் 2009-ல் கனெக்டிகட், அடர்த்தி விவரத்தைப் பெண்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அமெரிக்காவிலேயே முதலாவதாகச் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. நான்சி 2018-ல் காலமானார். 2024 செப்டம்பர் 10 முதல் அமெரிக்கா முழுவதும் இந்தத் தகவலைத் தருவது கட்டாயம்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இயந்திரம் தவறவிட்டதைப் பிடித்தது டாக்டரின் கை.

இந்தியாவில் இது ஏன் முக்கியம்?

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். சென்னையில் ஒரு காலத்தில் பெண்களைத் தாக்கிய புற்றுநோய்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்தான் முதலிடம். இப்போது அந்த இடத்தில் இருப்பது மார்பகப் புற்றுநோய்.

மேலை நாடுகளைவிட இந்தியப் பெண்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய 10 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. 40-களிலும் 50-களின் தொடக்கத்திலும் நோய் கண்டறியப்படுபவர்கள் இங்கே அதிகம். அதே வயதில்தான் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை, அடர்த்தியும் இன்னும் இறங்கவில்லை. நோய் வரும் வயதும் மேமோகிராம் திணறும் வயதும் இங்கே ஒன்றாகிவிடுகிறது.

இன்னொரு பக்கம், பரிசோதனைக்கே போகாதவர்கள்தான் பெரும்பான்மை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் தமிழ்நாட்டில் 5.6 சதவீதம். இந்திய அளவில் 0.9 சதவீதம். மற்ற மாநிலங்களைவிடத் தமிழ்நாடு மேல்தான். ஆனாலும் 100 பேரில் 94 பேர் பார்க்கவே இல்லை.

செம்மநத்தத்துப் பெண்ணுக்கு இது என்ன சொல்கிறது?

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். செம்மநத்தம் போன்ற கிராமங்களிலிருந்து முதலில் ஏற்காடு டவுன் வர வேண்டும், பிறகு பஸ் பிடித்து மலை இறங்க வேண்டும். மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையான சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடிவாரத்துக்கு அப்பால் நகருக்குள் இருக்கிறது.

மலையில் வாழும் பழங்குடி மலையாளி சமூகத்துப் பெண்களில் பலர் காபி, மிளகுத் தோட்டங்களில் தினக்கூலிக்குப் போகிறவர்கள். காபி பழுத்துப் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் ஒரு நாள் லீவு போடுவது லேசுப்பட்ட காரியமில்லை. அப்படிப் போய் எடுத்த மேமோகிராம் 'நார்மல்' என்று வந்துவிட்டால், 'அதான் ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்களே' என்று அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்தப் பக்கமே திரும்பாமல் இருப்பது இயல்பு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மேலே சொன்ன காரணிகளை இவர்களுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரே திசையில் பதில் வராது. இளம் வயதிலேயே இரண்டு மூன்று குழந்தைகள் பெற்றிருந்தால் அடர்த்தி குறைய வாய்ப்பு. தோட்ட வேலையால் உடல் மெலிந்திருந்தால் சதவீதம் ஏற வாய்ப்பு. வயது 50-க்குக் கீழே என்றால் மேலும் ஏறும். ஆகவே 'எனக்கு நாலு குழந்தை, எனக்கு அதெல்லாம் இருக்காது' என்றோ, 'நான் ஒல்லி, எனக்கு நோயே வராது' என்றோ யாரும் முடிவுகட்ட முடியாது. அடர்த்தியை ஊகிக்க வழியில்லை. படம் எடுத்தால்தான் தெரியும்.

கையால் செய்யும் பரிசோதனைக்குப் பலன் உண்டா?

உண்டு என்பதற்கு இந்தியாவிலேயே ஆதாரம் இருக்கிறது. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் டாக்டர் இந்திரநீல் மித்ரா குழு 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தனர். இந்தப் பணியாளர்கள் டாக்டர்கள் அல்ல, மேமோகிராமும் எடுக்கப்படவில்லை.

20 ஆண்டுகள் கழித்து 2021-ல் முடிவு வெளியானது. பரிசோதனை செய்துகொண்டவர்களிடம் நோய் முன்கூட்டிய கட்டத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. 50 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் மரணம் குறையவில்லை.

மலைக் கிராமங்களுக்கு இது பெரிய செய்தி. பயிற்சி பெற்ற ஒரு செவிலியரின் கை கரண்டோ இயந்திரமோ இல்லாமல் வேலை செய்யும். மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை கையால் செய்யும் மார்பகப் பரிசோதனையைத்தான் முதல் படியாக வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் 30 வயதைத் தாண்டிய பெண்கள் இதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம். கட்டணம் கிடையாது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்க வீட்டுக்கே வரும் பணியாளரிடம் 'மார்புப் பரிசோதனைக்கு எங்கே, எப்போ வரணும்?' என்று கேட்பதில் எந்தக் கூச்சமும் தேவையில்லை.

ரிப்போர்ட்டில் சி அல்லது டி என்று இருந்தால் என்ன செய்யணும்?

முதலில், ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைக்க வேண்டும். அடுத்த முறை எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் மிகவும் உதவும்.

அடுத்து, டாக்டரிடம் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். அம்மா, அக்கா, தங்கை, மகள் யாருக்காவது மார்பகப் புற்றுநோயோ கருமுட்டைப் பைப் புற்றுநோயோ வந்திருக்கிறதா? இதற்கு முன் மார்பில் கட்டி எடுத்ததுண்டா? ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறாரா? அடர்த்தி, வயது, குடும்ப வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் கூடுதல் பரிசோதனை தேவையா என்று டாக்டர் முடிவு செய்வார்.

கூடுதல் பரிசோதனைகளில் எளிதாகக் கிடைப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதில் கதிர்வீச்சு கிடையாது. அடர்த்தித் திசு வெள்ளையாகவும் கட்டி பெரும்பாலும் கறுப்பாகவும் தெரிவதால், மேமோகிராமில் மறைந்தது இதில் வெளிப்படலாம். ஜப்பானில் 40-களில் உள்ள சுமார் 73 ஆயிரம் பெண்களிடம் நடந்த 'ஜே-ஸ்டார்ட்' ஆய்வில், மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும் சேர்த்தபோது நோயைக் கண்டுபிடிக்கும் திறன் 77 சதவீதத்திலிருந்து 91 சதவீதமாக உயர்ந்தது. ஆசியப் பெண்களிடம், அதுவும் இளைய வயதினரிடம் கிடைத்த முடிவு என்பதால் இது இங்கும் கவனிக்கத்தக்கது.

எம்.ஆர்.ஐ. இன்னும் நுட்பமானது. நெதர்லாந்தில் நடந்த 'டென்ஸ்' ஆய்வில், மிக அடர்த்தியான மார்பகமும் நார்மல் மேமோகிராமும் உள்ள 50 முதல் 75 வயதுப் பெண்களில் ஒரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ. வாய்ப்பும் தரப்பட்டது. இரண்டு பரிசோதனைகளுக்கு இடையில் திடீரெனத் தலைகாட்டும் புற்றுநோய், 1,000 பேருக்கு 5 என்பதிலிருந்து 2.5 ஆகக் குறைந்தது என்று 2019-ல் முடிவு வந்தது. ஆனால் செலவு அதிகம். எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை.

கூடுதல் ஸ்கேனுக்கு இன்னொரு முகமும் உண்டு. புற்றுநோயே இல்லாத சின்னச் சின்ன விஷயங்களும் கண்ணில் பட்டு, தேவையில்லாமல் ஊசி குத்திச் சதை எடுக்க வேண்டி வரலாம். அதனால்தான் சி வகை என்று வந்தவுடனேயே எல்லா ஸ்கேனும் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வதில்லை.

'மேமோகிராமில்தான் தெரியாதே, பிறகு எதற்கு அதை எடுக்கணும்?' என்று கேட்பதும் தவறு. அடர்த்தியான மார்பகத்திலும் அது பாதிக்கு மேற்பட்ட புற்றுநோய்களைப் பிடிக்கிறது. புற்றுநோயின் தொடக்க அடையாளமாக வரும் நுண்ணிய சுண்ணாம்புப் படிவுகளைப் பார்க்க மேமோகிராம்தான் சிறந்த வழி.

மேமோகிராம் எடுக்கப் போகும் முன்

மாதவிடாய் வரும் பெண்கள், அது முடிந்த வாரத்தில் எடுத்தால் வலி குறைவாக இருக்கும். அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், வாசனை ஸ்பிரே போடக் கூடாது. அவை படத்தில் புள்ளிகளாகத் தெரியலாம். கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்துக்கொண்டிருந்தாலோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். இளம் பெண்ணுக்குக் கட்டி இருந்தால் பொதுவாக முதலில் அல்ட்ராசவுண்ட்தான் எடுப்பார்கள்.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கக் கூடாது

ரிப்போர்ட்டில் எந்த எழுத்து இருந்தாலும், எந்த எண் இருந்தாலும், கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தால் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

• மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி. வலிக்கவில்லை என்பதற்காக விட்டுவிடக் கூடாது. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை.
• தோல் குழி விழுவது, ஆரஞ்சுப் பழத் தோல் போல மாறுவது, சிவந்து தடிப்பது.
• காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது.
• காம்பிலிருந்து ரத்தமோ, ரத்தம் கலந்த நீரோ வருவது.
• ஒரு பக்க மார்பகத்தின் அளவோ வடிவமோ திடீரென மாறுவது.
• காம்பைச் சுற்றி ஆறாத புண், செதில்.

மார்பகப் புற்றுநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. அடிபட்டதாலோ, இறுக்கமான உள்ளாடை போட்டதாலோ, பால் கட்டிக்கொண்டதாலோ வருவதும் இல்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம்.

சிகிச்சைச் செலவுக்கு

ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடங்கும். அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

மொத்தத்தில், மரபணுவையும் வயதையும் யாராலும் மாற்ற முடியாது. அடர்த்தி என்பது ஒரு பெண் செய்த தவறுக்குக் கிடைத்த தண்டனையும் அல்ல. அவர் கையில் இருப்பது மூன்றுதான். தன் ரிப்போர்ட்டில் உள்ள எழுத்து எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, இரண்டாவது. செவிலியரிடமோ டாக்டரிடமோ தவறாமல் கைப் பரிசோதனை செய்துகொள்வது, முதலாவது. மூன்றாவது, தன் உடம்பில் புதிதாக ஒரு மாற்றம் தெரிந்தால், போன மாதம் வந்த ரிப்போர்ட் நார்மல் என்றாலும் மலை இறங்கத் தயங்காமல் இருப்பது.